விற்பனைப் பேச்சு கடை வாசலில் தொடங்க வேண்டும்

மும்பையில் தாராவி, சயான், மாட்டுங்கா பகுதிகளில் வளர்ந்த தமிழ் மாணவர்கள் பலர் என் வணிகவியல் வகுப்பில் படிக்கிறார்கள். ஆண்டுதோறும் ஜூலையில், ஏதேனும் ஒரு பொருளைப் பற்றி ஒரு நிமிடம் பேச எழுதி வாருங்கள் என்று சொல்வேன். வருகிற தாள்களில் பெரும்பாலானவை ஒன்றுபோலவே இருக்கும்: ‘உயர்ந்த தரம், நியாயமான விலை, வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் நோக்கம்.’ பொருளின் பெயரை அழித்துவிட்டால், அதே தாளைக் குக்கருக்கும் வாசிக்கலாம், செருப்புக்கும் வாசிக்கலாம். இதற்கு மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தங்குதடையின்றிப் பேசுபவனே நல்ல விற்பனையாளன் என்று நாம்தான் அவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். வாங்க வந்தவர் எதற்குத் தயங்குகிறார் என்று தெரியாமல் எழுதப்பட்ட பேச்சு, எவ்வளவு சரளமாக இருந்தாலும் அவரை அசைக்காது.

பாடத்திட்டத்தில் கவனம், ஆர்வம், விருப்பம், செயல் என்ற நான்கு படிகள் உள்ளன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த அமெரிக்க விளம்பரக்காரர் எலியாஸ் செயின்ட் எல்மோ லூயிஸின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் முறை அது. அதில் பிழை இல்லை. ஆனால் மாணவர்கள் அதை நான்கு கட்டங்கள் கொண்ட படிவமாக நினைத்து நிரப்பிவிடுகிறார்கள். நிரப்புவதற்கான சரக்கு எங்கிருந்து வரும் என்பதை அந்த முறை கற்றுத்தருவதில்லை.

சென்ற ஆண்டு ஒரு மாணவி தன் மாமாவின் தோல் பைக் கடையைத் தேர்ந்தெடுத்தாள். தாராவியின் தோல் தொழிலை வளர்த்ததில் தமிழ்நாட்டிலிருந்து குடியேறியவர்களின் உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. பதனிடும் வேலை பெரும்பாலும் வெளியிடங்களுக்குப் போய்விட்ட பின்னரும், பையும் பெல்ட்டும் பர்ஸும் தைக்கும் பட்டறைகள் அங்கே நடந்துகொண்டுதான் இருக்கின்றன. அவளுடைய தாளில் ‘உலகத் தரம்’ என்ற சொல் மூன்று இடங்களில் இருந்தது. அதைத் திருத்தாமல் திருப்பிக் கொடுத்து, ஒரு சனிக்கிழமை முழுவதும் கடையில் நின்று, வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளை மட்டும் அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதி வரச் சொன்னேன்.

தமிழிலும் இந்தியிலுமாக 22 கேள்விகளோடு வந்தாள். “மழையில நனைஞ்சா பூஞ்சை பிடிக்குமா?” “லோக்கல் ரயில் கூட்டத்துல இழுபட்டா வார் அறுந்துடாதே?” “ஜிப் போச்சுன்னா மாத்தித் தருவீங்களா?” “இது நெசமாவே தோலா, ரெக்சினா?” உலகத் தரமா என்று ஒருவரும் கேட்கவில்லை. பூஞ்சை பற்றிய கேள்விக்கு அவளுடைய மாமா சொன்ன பதிலையும் அவள் குறித்து வந்திருந்தாள்: “பிடிக்கும் அண்ணாச்சி. நனைஞ்சா துணியால ஒத்தியெடுத்து, காத்தாட நிழல்ல வைங்க. வெயில்ல வெச்சா தோல் வெடிச்சுடும்.” பொருளின் குறையைக் கடைக்காரரே ஒப்புக்கொண்டது அவளுக்கு வியப்பாக இருந்தது. ஆனால் குறையை மறைக்காமல் சொன்னவர் அடுத்து “தையல் ரெட்டைத் தையல்” என்று சொல்லும்போது, கேட்பவர் அதையும் நம்புகிறார். எனக்குத் தெரிந்து, நம்பிக்கையைப் பெற இதைவிட நேரான வழி வேறு இல்லை.

அவளுடைய இரண்டாவது பேச்சு இப்படித் தொடங்கியது: “மழைக்காலத்துல தோல் பை வாங்கலாமான்னு யோசிக்கிறீங்களா? யோசிக்க வேண்டியதுதான்.” பிறகு தோல் ஒன்று, ரெக்சின் ஒன்று என, கையோடு கொண்டுவந்திருந்த இரண்டு துண்டுகளை முன்வரிசையில் இருந்தவர்களிடம் கொடுத்தாள். வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் தோலில் மெல்லிய நார்கள் பின்னிக் கிடக்கும். ரெக்சினிலோ துணியின் மேல் பூச்சு ஒட்டியிருப்பது தெரியும். துண்டுகள் கைமாறிக் கடைசி வரிசை போய்ச் சேரும் வரை அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. கைகள் வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்க வேண்டும் என்பதை மாணவர்களுக்குப் பழக்குவதுதான் எனக்கு மிகவும் கடினமாக இருக்கிறது. மௌனம் வந்தால் தோற்றுவிட்டோம் என்று அஞ்சுகிறார்கள்.

மின்தூக்கி இல்லாத மும்பையை இன்று நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் 1854இல் நியூயார்க் கண்காட்சியில் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் எலிஷா ஓடிஸ், தூக்கி விழாமல் பிடித்துக்கொள்ளும் தன் பாதுகாப்பு அமைப்பைக் காட்டியபோது, கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்ற அச்சம்தான் மக்களை அதில் ஏறவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. உயரத்தில் மேடைமேல் நின்றுகொண்டு, கூட்டத்தின் கண்ணெதிரே கயிற்றை வெட்டச் செய்தார். மேடை சற்றே இறங்கி நின்றுவிட்டது. இந்த நிகழ்ச்சியை வகுப்பில் சொல்லிவிட்டு, உன் பொருளில் வெட்டிக் காட்ட வேண்டிய கயிறு எது என்று ஒவ்வொருவரையும் கேட்பேன். பதில் கிடைத்த பிறகே எழுதத் தொடங்குகிறோம்.

எழுதும்போது நான் வைக்கும் கட்டுப்பாடு ஒன்றே: தமிழில் ஒரு நிமிடத்துக்கு 100 சொற்கள். அதற்கு மேல் எழுதினால் மூச்சு வாங்கும். முதலில் வெட்டப்படுபவை அடைமொழிகள்.

இன்னொரு மாணவன் தன் அம்மா வீட்டில் அரைக்கும் இட்லி மாவை மாட்டுங்காவில் ஒரு மெஸ் உரிமையாளரிடம் விற்கச் சென்றான். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் “நன்றி ஐயா” என்று முடித்துவிட்டுத் திரும்பிவிட்டான். மாவை வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்கவே இல்லை. கேட்பது கூச்சம் தரும் செயல், குறிப்பாக வயதில் மூத்தவரிடம். ஆகவே, மறுப்பதற்குக் காரணமே இல்லாத அளவுக்குச் சிறியதாகக் கேட்கச் சொல்லிக்கொடுத்தேன்: “நாளைக்குக் காலையில ரெண்டு கிலோ வெச்சுட்டுப் போறேன், ஊத்திப் பாருங்க. சாயங்காலம் வந்து கேக்கறேன்.” விலை அதிகம் என்று அவர் சொன்னபோது, உடனே ஐந்து ரூபாய் குறைக்காமல், “எந்த மாவோட ஒப்பிட்டுச் சொல்றீங்க?” என்று கேட்டிருக்கிறான். அவருடைய சிக்கல் விலையில் இல்லை. முன்பு மாவு கொடுத்தவர் விடுமுறை நாட்களில் வராமல் இருந்ததுதான் என்று அப்போது தெரிந்தது.

இதே திறமை தீங்கும் செய்யும் என்பதை என் முன்னாள் மாணவன் ஒருவனிடமிருந்து தெரிந்துகொண்டேன். முதல் வேலையில், காப்பீட்டுத் திட்டத்தை ‘வைப்புநிதி மாதிரிதான்’ என்று சொல்லி விற்கும்படி அவனுக்குக் கட்டளை. கணவரை இழந்த ஒரு தமிழ் அம்மாளிடம், நான் கற்பித்தபடியே அவருடைய கவலைகளைப் பொறுமையாகக் கேட்டு, அவற்றையே பயன்படுத்தி விற்றுவிட்டான். உறக்கம் வராமல் என்னிடம் வந்தான். பத்திரம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் திட்டத்தை ரத்து செய்யும் உரிமை, 2024ஆம் ஆண்டு விதிகளின்படி, பாலிசி எடுத்தவருக்கு உண்டு. நாள் கடக்காததால் அவனே உடன் சென்று விண்ணப்பம் எழுதிக் கொடுத்தான். சிறு கழிவு போகப் பணம் திரும்பி வந்தது. கேட்கக் கற்றுக்கொடுத்த நான், கேட்டதை எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லாமல் விட்டது என் தவறு.

இப்போது சட்டமும் என் பாடத்தின் பகுதி. தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் நெறிமுறைகள் இணைய விற்பனையில் தடுக்கப்படும் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிடுகின்றன. ‘இன்னும் இரண்டுதான் பாக்கி’ என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் அவற்றில் ஒன்று.

தாளின் வலப்பக்கம் மூன்று விரல் அகலத்துக்குக் கோடு போடச் சொல்கிறேன். இடப்பக்கத்தில் பேச்சு, வலப்பக்கத்தில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நேராக, அதை எதைக் காட்டி நிரூபிப்பாய், வாங்குபவர் ஆறு மாதம் கழித்து வந்து கேட்டால் என்ன பதில் சொல்வாய் என்று எழுத வேண்டும். வலப்பக்கம் காலியாக இருக்கும் வாக்கியத்தை மாணவரே அடித்துவிட்டு, மிஞ்சியதை எழுந்து நின்று பேசுகிறார்.