மோட்டார் ரூமுக்குள் புல்லட் இன்ஜினைப் பிரிக்காதீர்கள்

போன ஆடி மாதம் தாராபுரம் பக்கத்துத் தம்பி ஒருவர் கோயமுத்தூர் கணபதியில் இருக்கும் எங்கள் லேத் பட்டறைக்கு வந்தார். பெயின்ட் வாளியில் பழைய புல்லட் 350-ன் கிராங்க், அதாவது பிஸ்டன் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு. யூரியா சாக்கில் சுற்றிய சிலிண்டரும் ஹெட்டும். வலது கையில் முழங்கை வரை கட்டு.

"அப்பாரு ஓட்டுன வண்டிங்ணா. 74 மாடல். 98-ல அவரு போன பொறவு சாளையிலயே நின்னுருச்சு. நானே பிரிச்சுட்டனுங்க. போர் மட்டும் போட்டுக் குடுங்க."

எங்கள் பக்கம் அப்பாரு என்றால் தாத்தா, சாளை என்றால் தோட்டத்து வீடு. போர் போடுவது என்றால் தேய்ந்த சிலிண்டரின் உட்துளையைச் சற்றுப் பெரிதாகக் கடைவது.

"கையில என்ன சாமி கட்டு?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். வீட்டு வாசலில் பிரித்தால் அம்மா சத்தம் போடுவார் என்று இன்ஜினைக் கிணற்றடி மோட்டார் ரூமுக்குக் கொண்டுபோயிருக்கிறார். பாண்டுச் சட்டியில் அரை லிட்டர் பெட்ரோலை ஊற்றிச் சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது, போயிருந்த கரண்ட் வந்தது. கரண்ட் வந்ததும் பம்ப்பை ஓட்டிவிடும் ஆட்டோ ஸ்டார்ட்டர் தானாக இழுத்தது. ரூம் முழுக்க நெருப்பு. கதவு திறந்தே இருந்ததால் கையோடு போயிற்று.

அந்தக் கட்டைப் பார்த்ததிலிருந்து இதை எழுத வேண்டும் என்று இருந்தேன். இருபத்தாறு வருடமாக போர் போடுவதும் கிராங்க் கட்டுவதும்தான் என் தொழில். பழைய வண்டியை வீட்டில் வைத்துப் பூட்டுகிற பிள்ளைகள் இப்போது நிறைய வருகிறார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு நிறைகிறது. ஜி.டி.நாயுடு (1893–1974) ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைக் கழற்றிப் பூட்டித்தான் இன்ஜினைக் கற்றுக்கொண்டார். அவர் பிறந்த மண்ணில் ஒரு பையன் ஸ்பேனரைத் தொடுவதை நான் தடுக்க மாட்டேன். எந்த இடத்தில் உட்கார்ந்து, எதைக் கொண்டு, எதைத் தொடுகிறான் என்பதில்தான் என் கவலை.

முதலில் பெட்ரோல். மைனஸ் 40 டிகிரி குளிரிலும் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடுகிற சாமான் அது. அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, மூலையில் தேங்கும். காற்றில் ஒன்றரை சதவீதம் கலந்தாலே பற்றும். மோட்டார் ரூம் என்பது சின்ன அறை, ஒரே கதவு, உள்ளே ஸ்டார்ட்டர் பெட்டி. அதற்குள் இருக்கும் காண்டாக்டர் என்கிற மின் ஸ்விட்ச் சேரும்போது பொறி பறப்பது அதன் இயல்பு. மேலே இருக்கிற லைட்டை மட்டும் அணைத்துவிட்டு "எல்லாம் ஆஃப்ல இருக்குது" என்று நினைக்கிறோம். ஆட்டோ ஸ்டார்ட்டருக்கு நாம் ஸ்விட்ச் போட வேண்டியதே இல்லை.

கழுவுவதற்கு டீசல் போதும். அதையும் அறைக்குள் வேண்டாம். நம் நாட்டு டீசலுக்கு வைத்திருக்கிற குறைந்தபட்ச ஃப்ளாஷ் பாயின்ட், அதாவது ஆவி பற்றிக்கொள்ளத் தொடங்கும் சூடு, 35 டிகிரிதான். கரூர், ஈரோட்டுச் சித்திரை வெயில் அதைத் தாண்டிவிடும். வேப்பமர நிழலில், காற்றோட்டத்தில் உட்கார்ந்து பிரஷ் போட்டுக் கழுவுங்கள். பிறகு சோப்புத்தூள் கரைத்த வெந்நீர். துடைத்த கையோடு இரும்புச் சாமான்களுக்கு ஆயில் தடவிவிடுங்கள். சிலிண்டர் போருக்குள் ஒரே ராத்திரியில் துரு ஏறும். கைக்கு நைட்ரைல் கிளவுஸ் போடுங்கள். பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது, பிஎஸ் 6 தரப் பெட்ரோலிலும் 1 சதவீதம் வரை இருக்கலாம் என்பதே விதி. அது ரத்தப் புற்றுநோயோடு தொடர்புள்ள சரக்கு. என் குருநாதர் நாற்பது வருடம் வெறுங்கையால் பெட்ரோலில் கழுவியவர். கடைசிக் காலத்தில் அவர் கை வெடித்துக் கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

துடைக்க எல்லோரும் திருப்பூர் பனியன் வேஸ்ட்தான் எடுக்கிறோம். வெளிப்பக்கத்துக்கு நல்லது. உள்பக்கம், ஆயில் ஓட்டை இருக்கிற இடங்களுக்கு அது ஆகாது. பிசிறு நூல் பிரிந்து ஓட்டைக்குள் போய் உட்காரும். பழைய காட்டன் வேட்டித் துணி கிடைத்தால் அதுதான் சரி.

அடுத்தது நான் யாரும் பேசிக் கேட்காத சங்கதி. இந்தத் தம்பியின் வண்டி 98-ல் நின்றது. அதுவரை அது குடித்தது பெரும்பாலும் ஈயம் கலந்த பெட்ரோல். நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில்தான். அப்படியானால் பிஸ்டன் மண்டையிலும் எக்ஸாஸ்ட் போர்ட்டிலும் படிந்திருக்கிற கரியில் ஈயம் இருக்கிறது. அதைக் கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி உலரச் சுரண்டினால் ஈயத்தூள் பறக்கும். பக்கத்தில் குழந்தை தவழ்ந்தால் அதன் கையில் ஒட்டி வாய்க்குப் போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லும் அளவே அதற்குக் கிடையாது. கரியை டீசலில் ஊறவைத்து, ஈரமாகவே மரக்குச்சியாலோ பித்தளைத் தகட்டாலோ எடுங்கள். எடுத்ததைப் பழைய டப்பாவில் மூடி வையுங்கள். போட்டிருந்த சட்டையைத் தனியாகத் துவையுங்கள்.

பழைய பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், ஹெட் பேக்கிங் இவற்றிலும் அதே எச்சரிக்கை வேண்டும். அந்தக் காலத்தில் இவற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) போடுவார்கள். டிரம்மைத் திறந்ததும் கம்ப்ரஸர் காற்றை அடித்துத் தூசி தட்டுவது நம்ம ஊரில் எல்லாப் பட்டறையிலும் பழக்கம். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் இருபது, நாற்பது வருடம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். ஈரத்துணியால் துடைத்து, துணியோடு பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று காஸ்டிக் சோடா. சாயப்பட்டறை ஊர்களில் சுலபமாகக் கிடைப்பதால் கரி எடுக்க அதில் ஊறப்போடுகிறார்கள். இரும்புச் சிலிண்டர் தாங்கும். கிராங்க் உட்காரும் கூடான அலுமினியக் கிராங்க்கேஸைப் போட்டால் அலுமினியத்தையே தின்றுவிடும். கொதித்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். தெறித்தால் கண் போகும். பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு கிராங்க்கேஸ் அப்படி வந்தது. பேரிங் உட்காரும் இடமெல்லாம் சொறி பிடித்த மாதிரி இருந்தது. திருப்பித்தான் அனுப்பினோம்.

இனி இன்ஜின் வேலை. வீட்டில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பிரிப்பது, கழுவுவது, வால்வு லேப் செய்வது (வால்வை அதன் இருக்கையில் தேய்த்துப் பொருத்துவது), பாயின்ட் வைப்பது (பிளக்குக்குப் பொறி தரும் காண்டாக்டின் இடைவெளி சரிசெய்வது), பூட்டுவது எல்லாம் பொறுமை இருந்தால் வரும். பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புல்லட்டில் வலப்பக்கம் டைமிங் கவருக்குள் ஆயில் பம்பை ஓட்டுகிற வார்ம் நட் இருக்கிறது. அது இடது மரை, வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். தெரியாமல் வழக்கம்போலச் சுற்றி, இறுகிப்போய், சுத்தியலால் அடித்து மரையைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்கள் எப்போதும் உண்டு. பேரிங்கை அடித்து ஏற்ற வேண்டாம். 62 மி.மீ. பேரிங் உட்காரும் அலுமினியக் கூட்டை 80 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் அது 0.11 மி.மீ. விரிகிறது, குளிர்ந்த பேரிங் தானாக விழும்.

வீட்டில் செய்யக் கூடாதது இரண்டு: போரும் கிராங்கும்.

அந்தத் தம்பி கையோடு 0.25 ஓவர்சைஸ் பிஸ்டனும், அதாவது பிறப்பு அளவைவிட 0.25 மி.மீ. பெரியதும், வாங்கி வந்திருந்தார். யாரோ கடையில் "பழைய வண்டின்னா இதுதான் போடோணும்" என்று சொல்லியிருக்கிறார்கள். உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் போட்டேன். இந்தச் சிலிண்டரின் பிறப்பு அளவு 70 மி.மீ. மேலே, டாப் ரிங் திரும்புகிற இடத்தில் 70.34. அடியில் 70.08. முன்பின்னாக அளந்தால் ஒரு அளவு, குறுக்காக அளந்தால் வேறு அளவு. 0.25 பிஸ்டனுக்கு அங்கே இடமே இல்லை, 0.50-க்குத்தான் போக வேண்டும். தேய்மானம் எப்போதும் மேலேதான் அதிகம், அதுவும் பிஸ்டன் சாய்கிற பக்கத்தில். மேல், நடு, அடி, ஒவ்வொன்றிலும் இரண்டு திசை என்று ஆறு அளவு எடுக்காமல் பிஸ்டன் வாங்கக் கூடாது. வாங்கிய பிறகு அந்தப் பிஸ்டனைக் கொண்டுவந்து கொடுங்கள். பெட்டியில் எழுதியிருக்கிற நம்பருக்கு நாங்கள் போர் போடுவதில்லை, கையில் இருக்கிற பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து அதற்குத்தான் போடுவோம். "நம்பரை போன்ல சொல்றேன், போட்டு வைங்க" என்று யாராவது சொன்னால் நான் மறுத்துவிடுவேன்.

புல்லட் கிராங்க் என்பது கிராங்க்பின் போட்டு இறுக்கிய இரண்டு ஃப்ளைவீல். பிக் எண்ட் (பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் ராடின் அடிமுனைப் பேரிங்) மாற்றிய பிறகு இரண்டு ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். லேத்தில் இரண்டு சென்டருக்கு நடுவில் பிடித்து, டயல் கேஜ் வைத்து, செம்புச் சுத்தியலால் தட்டித் தட்டி 0.05 மி.மீ.-க்குள் கொண்டுவருவோம். சில நாள் அரைமணி நேரத்தில் முடியும், சில நாள் பொழுதே சாயும். சிமென்ட் தரையில் வைத்து அடித்து இது நடக்காது. பிக் எண்ட் போய்விட்டதா என்று மட்டும் வீட்டில் பார்க்கலாம். ராடை நேர் மேல்கீழாக இழுத்துத் தள்ளுங்கள். பக்கவாட்டில் ஆடலாம். மேல்கீழாகத் துளி ஆட்டம் தெரிந்தாலும் கொண்டுவந்துவிடுங்கள்.

பளபளப்புக்காகக் கிராங்க்கேஸுக்கு மணல் அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோவையில் ஃபவுண்டரி நிறைய. சாண்ட் பிளாஸ்டிங் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் மணல் ஆயில் பாதைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் மிஞ்சும். நான் கட்டிக்கொடுத்த கிராங்க் ஒன்று 300 கிலோமீட்டரில் திரும்பி வந்தது. பிக் எண்டில் மணல் கோடு கோடாகக் கிழித்திருந்தது. ஆயில் பாதை உள்ள எதற்கும் மணல் வேண்டவே வேண்டாம். கசிவை அடைக்கப் பூசுகிற சிலிகான் பேஸ்ட்டையும் அப்படியே சொல்வேன்: வெளியே எவ்வளவு பிதுங்குகிறதோ அவ்வளவு உள்ளேயும் பிதுங்கும், அது உதிர்ந்தால் ஆயில் பம்புக்குத்தான் போகும்.

இன்ஜின் நம்பர் மேல் பஃபிங்கோ உப்புத்தாளோ படவே கூடாது. நம்பர் மங்கினால் நாளைக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டி உங்களுடையது என்று நிரூபிப்பது பெரும்பாடு. 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வின்டேஜ் பதிவு என்று தனியாகக் கொண்டுவந்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். சேஸிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அந்தப் பதிவு வாங்கினால் தினசரி ஓட்டக் கூடாது, கண்காட்சி, ராலி போன்றவற்றுக்குத்தான். தினம் தோட்டத்துக்கு ஓட்ட நினைப்பவர்கள் சாதாரண ஆர்.சி.யையே புதுப்பித்து வைத்துக்கொள்வது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

கடைசியாக முதல் ஸ்டார்ட். பூட்டி முடித்த ராத்திரியே, ஷெட்டுக்குள்ளேயே, கதவைச் சாத்திக்கொண்டு உதைப்பார்கள். பழைய கார்புரேட்டர் வண்டியின் புகையில் கார்பன் மோனாக்ஸைடு எவ்வளவு என்று தெரியுமா? 2000 மார்ச்சுக்கு முந்தைய இருசக்கர வண்டிக்குப் புகைப் பரிசோதனையில் அனுமதிப்பதே 4.5 சதவீதம். நாம் மூச்சு வாங்குகிற காற்றில் 1.3 சதவீதம் கலந்தால் சில நிமிடத்தில் ஆள் சாய்ந்துவிடுவார். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தலை கனத்தால் புது இன்ஜின் ஆயில் கருகுகிற நாற்றம் என்று நினைத்துக்கொள்வோம். வண்டியைக் களத்துக்குத் தள்ளிக்கொண்டு வாருங்கள். விடியட்டும்.

தம்பிக்குக் கை ஆறிப் பூட்டி முடிக்கக் கார்த்திகை ஆகிவிட்டது. போன் செய்தார். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஹெட்டுக்குப் போகும் ஆயில் பைப்பின் யூனியனை, அதாவது இணைப்பு நட்டைத் தளர்த்தி, ஆயில் கசிகிற வரைக்கும் உதைக்கச் சொன்னேன். போனைக் கீழே வைக்காமலே உதைத்தார்.

"வந்துருச்சுங்ணா!"

யூனியனை இறுக்கி, பிளக் போட்டார். ஏழாவது உதையில் எடுத்தது. பின்னால் அவர் அம்மா யாரையோ கூப்பிட்டு "மாமனார் வண்டி சத்தம் கேக்குதா" என்பது எனக்கும் கேட்டது.

500 கிலோமீட்டரில் ஆயில் மாற்ற வேண்டும். அதைக் கிணற்று மேட்டில் ஊற்றாமல் கேனில் பிடித்து எங்கள் பட்டறைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். எங்கள் கழிவு ஆயிலோடு சேர்த்து மறுசுழற்சிக்காரரிடம் கொடுத்துவிடலாம். நேற்று கேட்டேன். 320 ஓடியிருக்கிறதாம்.