பாம் ஷெல்டர் சுவரும் எட்டு இலக்கக் கடவுச்சொல்லும்

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வைஃபை படுக்கையறைக்கு எட்டவில்லையா? ரவுட்டர், வீட்டுக்குள்ளேயே உள்ள பாதுகாப்பு அறையான பாம் ஷெல்டருக்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கம்பி கட்டிய தடித்த கான்கிரீட்டும் இரும்புக் கதவும் அலையை விழுங்கிவிடும். கைப்பேசியில் அலையின் வலிமை −67 டிபிஎம் இருந்தால் காணொளி அழைப்பு தடைபடாது; −77 என்றால் வந்து சேரும் ஆற்றல் அதில் பத்தில் ஒரு பங்குதான். ஷெல்டர் சுவரைத் துளைக்கக் குடிமைத் தற்காப்புப் படையின் கட்டுப்பாடு உண்டு. கேட் 6 நெட்வொர்க் கேபிளைச் சுவரோரமாகக் கொண்டுபோய்ப் படுக்கையறை வாசலருகே ஓர் அக்சஸ் பாயிண்ட் (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் கருவி) வையுங்கள்.

அதற்குப் பழைய ரவுட்டரே போதும். முதன்மை ரவுட்டரின் முகவரி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுத்து, இணையும் கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபியை அணைத்து, கேபிளை லேன் துளையில் செருகுங்கள். அணைக்க மறந்தால், ‘இணையத்துக்கு வழி நான்தான்’ என்று பழைய ரவுட்டரும் கைப்பேசிகளிடம் சொல்லும். வைஃபை கோடுகள் முழுதாக இருக்கும், இணையம் வராது.

2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 தவிர வேறு சேனல் வேண்டாம். 5 கிகாஹெர்ட்ஸில் 36 நல்லது. 52 முதல் 64 வரை ரேடாருக்கு முன்னுரிமை என்பதால் கருவி 60 விநாடி கேட்டுப் பார்த்த பிறகே ஒலிபரப்பும்.

இனிதான் முக்கியமானது. உங்கள் அலை தாழ்வாரத்துக்கும் போகிறது. வைஃபையைப் பூட்டும் பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ2-வில் ஒரு கைப்பேசி இணையும்போது நடக்கும் நான்கு செய்திப் பரிமாற்றத்தை அங்கே நிற்பவர் பதிவுசெய்துகொண்டு போய், தம் கணினியில் கடவுச்சொல்லை ஊகித்துக்கொண்டே இருக்கலாம். உங்கள் ரவுட்டருக்குத் தெரியவே தெரியாது. கடவுச்சொல்லுக்குக் குறைந்தது எட்டு எழுத்து வேண்டும்; சிங்கப்பூர்க் கைப்பேசி எண்ணும் சரியாக எட்டு இலக்கம். அதனால் பலர் அதையே வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்! 8 அல்லது 9-இல் தொடங்கும் எண்கள் மொத்தமே 20 மில்லியன். நல்ல கிராஃபிக்ஸ் அட்டைக்கு அது ஒரு நிமிட வேலை. படகு, முறுக்கு, ஓணான் என்று தொடர்பில்லாத ஐந்து சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து வையுங்கள்.

2018-இல் வந்த அடுத்த முறையான டபிள்யூபிஏ3-இல் ஒவ்வோர் ஊகத்தையும் கருவியிடமே கேட்டுப் பார்க்க வேண்டும். டபிள்யூபிஏ2-வும் கலந்த முறையில் பழைய ஓட்டை அப்படியே இருக்கும். கடவுச்சொல் இல்லாமல் கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியின் பின் எண் எட்டு இலக்கம்போல் தெரிந்தாலும் 11,000 முயற்சியில் விழும், அணைத்துவிடுங்கள். ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். டபிள்யூபிஏ3 புரியாத பழைய பிரிண்டருக்கு, விருந்தினர் நெட்வொர்க்கில் வேறொரு நீண்ட கடவுச்சொல் கொடுங்கள்.