வெண்டாலும் பொயின்ட் இறங்கும், தோத்தாலும் ஏறும்: பெண்கள் ஃபுட்போல்ல எதிரணி தேடுற கணக்கு

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தையில ஒரு கடையில பிளேன்டீயும் ரோல்ஸும் வச்சுக்கொண்டு இருக்கேக்க மச்சானுக்கும் எனக்கும் சின்னச் சண்டை. எங்கட இலங்கைப் பெண்கள் ஃபுட்போல் டீமப் பத்தித்தான். "சும்மா பெரிய டீமோட கொண்டுபோய் விட்டு ஆறு கோல் ஏழு கோல் எண்டு ஏன் வாங்க வைக்கிறாங்க, எங்களவிட சின்ன டீமா ரெண்டு மூண்டு பாத்துக் கூப்பிட்டு ரேஸ் கோர்ஸ் கிரவுண்டில நாலு மெட்ச் வெண்டா ரேங்கிங் தன்ட பாட்டில ஏறும் தானே" எண்டான். கேக்க நியாயமாத்தான் இருந்தது, ஆனா அந்தக் கணக்கு அப்பிடி வேலை செய்யிறதில்ல. நான் பில்லத் திருப்பி வச்சு பேனையால எழுதத் தொடங்க, பக்கத்தில இருந்த அவன்ட மகள், ஸ்கூல் டீமில ரைட் விங் ஆடுறவள், ரோல்ஸ வாயில வச்சுக்கொண்டே சொன்னாள்: "அப்பா, போன டேர்ம் அந்தப் பெரிய ஸ்கூலோட நாங்க ஆறு கோல் வாங்கினம் தானே, முழு மெட்ச்சுக்கும் எனக்கு பந்து நாலு தரம் தான் வந்தது. அதிலயும் ரெண்டு த்ரோ இன்."

மச்சான் சொன்னதுக்கும் அவள் சொன்னதுக்கும் நடுவில எங்கயோ தான் பதில் கிடக்கு.

முதல்ல ரேங்கிங் கணக்கு. ஃபிஃபா பெண்கள் ரேங்கிங்க 2003ல கொண்டு வந்தது, அதுக்கு அடிப்படை செஸ்ல இருந்து வந்த ஈலோ முறை. ஆர்பட் ஈலோ எண்ட ஃபிசிக்ஸ் வாத்தியார், ஹங்கேரியில பிறந்து அமெரிக்காவில படிப்பிச்சவர், செஸ் ஆடுறவங்கட பலத்த ஒரு நம்பரில அளக்கிறதுக்கு உருவாக்கினது. ஆம்பிளைகள் ரேங்கிங் இந்த வழிக்கு வந்ததே 2018ல தான், அதுவரைக்கும் அங்க இருந்தது ஒரு சராசரிக் கணக்கு, அதில ஃப்ரெண்ட்லி மெட்ச், அதாவது கோப்பை ஒண்டும் இல்லாம ஆடுற மெட்ச், ஆடினாலே சராசரி இறங்கிரும் எண்டு கண்டுபிடிச்சு போலந்து ஃப்ரெண்ட்லியள எல்லாம் தவிர்த்துட்டு 2018 உலகக் கோப்பைக் குலுக்கல்ல மேல் ரேங்கிங் டீம்களப் போடுற முதல் பானையில போய் இருந்தது. களவெண்டு சொல்லேலாது, கணக்குத் தெரிஞ்சவன்ட கெட்டித்தனம். அந்த விஷயத்தில பெண்கள் ரேங்கிங் பதினஞ்சு வருஷம் முந்தி.

ஈலோவில நடக்கிறது இதுதான். ஒவ்வொரு டீமுக்கும் ஒரு நம்பர். ரெண்டு நம்பருக்கும் உள்ள வித்தியாசத்த வச்சு, மெட்ச் தொடங்க முதலே "இவங்க இவ்வளவு எடுக்க வேணும்" எண்டு ஒரு எதிர்பார்ப்பு வந்துரும். வித்தியாசம் ஒண்டுமில்லயா, ஆளுக்குப் பாதி. 200 கூட இருந்தா 76 வீதம், 400 எண்டா 91, 600 எண்டா 97. சொந்த கிரவுண்டில ஆடினா உங்கட நம்பரோட 100 கூட்டித்தான் இந்தக் கணக்குப் போடுவாங்க. மெட்ச் முடிஞ்சாப் பிறகு நீங்க எடுத்தது எதிர்பார்த்ததவிடக் கூடவா குறைவா எண்டு பாத்து, அந்த வித்தியாசத்த மெட்ச்சின்ட பெறுமதியால பெருக்குவாங்க. சாதாரண ஃப்ரெண்ட்லிக்கு 15, உலகக் கோப்பை மெட்ச்சுக்கு 60.

2003ல வந்த இந்தக் கணக்கில இன்னொரு விஷயம் இருக்கு, கோல் எத்தின எண்டதும் சேரும். 1-0 எண்டு தோத்தவங்களுக்கு முட்டை போடாம 15 வீதம் குடுப்பாங்க, 2-1 எண்டா 16. 2-0 எண்டா 8, 3-0 எண்டா 4, ஆறும் அதுக்கு மேலயும் எண்டா 1. மிச்சம் முழுக்க வெண்டவங்களுக்கு.

இப்ப மச்சான்ட திட்டத்துக்கு வருவம். எங்களவிட 400 குறைஞ்ச ஒரு டீமக் கொழும்புக்குக் கூப்பிடுறம். சொந்த கிரவுண்ட் எண்டபடியா வித்தியாசம் 500, எதிர்பார்ப்பு கிட்டத்தட்ட 95 வீதம். 1-0 எண்டு வெண்டா கிடைக்கிறது 85. பத்து வீதம் குறைவு, 15ஆல பெருக்கினா ஒண்டரைப் பொயின்ட் போச்சு. வெண்டு போட்டுத்தான் இந்தக் கதி! 2-0 எண்டு வெண்டாலும் 0.4 இறங்கும். மூண்டு கோல் அடிச்சாத்தான் 0.2 ஏறும், அது ஒரு பொயின்டின்ட அஞ்சில ஒரு பங்கு.

மற்றப் பக்கம், எங்களவிட 600 கூடின ஒரு டீமோட பொது கிரவுண்டில ஆடி 1-0 எண்டு தோத்தா எதிர்பார்ப்பு 3, கிடைக்கிறது 15, ஆக 1.8 பொயின்ட் ஏறுது. ஆறு கோல் வாங்கினாக்கூட போறது 0.3 தான். பில்லில இந்த ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில எழுதிக் காட்டினன்: சின்ன டீமோட 1-0 எண்டு வெண்டதில ஒண்டரை நட்டம், பெரிய டீமோட ஆறு கோல் வாங்கினதில அதில அஞ்சில ஒரு பங்கு நட்டம். மச்சான் கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டே இருந்துட்டு "அப்ப இனி ஜப்பானோட மட்டும் ஆடுவம்" எண்டான்.

அதுவும் பிழை. ரெண்டு காரணம் இருக்கு, ரெண்டாவது தான் பெரிசு எண்டு நான் நினைக்கிறன்.

ஒண்டு, நம்பர் சரியா இருந்தா எந்த டீமோட ஆடினாலும் சராசரியில வரவும் இல்ல செலவும் இல்ல, ஈலோவ அப்பிடித்தான் செஞ்சிருக்கு. இலவசப் பொயின்ட் எங்கயும் கிடையாது. உங்கட நம்பர் உங்கட உண்மையான பலத்தவிடக் குறைவா இருந்தா மட்டும் தான் ஆட ஆட ஏறும். அதால "யாரோட ஆடினா ரேங்கிங் ஏறும்" எண்ட கேள்வியிலயே பாதி அர்த்தம் இல்ல.

ரெண்டாவது, அந்த நாலு தரம். க்ளோட் ஷனன் 1948ல தகவல எப்பிடி அளக்கலாம் எண்டு காட்டினார். காசு சுண்டினா பூவா தலையா எண்டு தெரியாது, விழுந்த பிறகு கிடைக்கிறது முழுசா ஒரு பிட் தகவல். முடிவு முதலே தெரிஞ்ச விஷயத்தில கிடைக்கிறது கிட்டத்தட்ட ஒண்டுமில்ல. மேலோட்டமா இத மெட்ச்சுக்குப் போட்டுப் பாத்தா, 50-50 எண்டா 1 பிட், 76 வீதத்தில 0.8, 91ல 0.44, 97ல 0.2. அதாவது உங்களவிட 200 பொயின்ட் கூடின டீமோட ஆடினா தகவல்ல அஞ்சில ஒண்டு தான் குறையுது, 600க்குப் போனா அஞ்சில நாலு குறைஞ்சு போகுது.

ஆனா இதுவும் ஸ்கோர மட்டும் பாத்த கணக்கு. கோச்சுக்கு ஸ்கோரவிட வேற கேள்விகள் இருக்கு. பந்து எடுத்துக்கொண்டு போற விங்கர் அடுத்த லெவல் டிஃபெண்டரத் தாண்டுவாளா, கோல் கீப்பர் கோர்னர் பந்துக்கு வெளிய வருவாளா, எழுபதாவது நிமிஷத்துக்குப் பிறகு நடுவில ஆடுறவங்க ஓடுறாங்களா நிக்கிறாங்களா. மிகப் பெரிய டீமோட ஆடினா டிஃபென்ஸுக்கும் கீப்பருக்கும் வருஷத்துக்குப் போதுமான வேலை, முன்னுக்கு ஆடுறவங்களப் பத்தி ஒண்டுமே தெரியவராது, அவள் நாலு தரம் தொட்ட பந்த வச்சு என்னத்த முடிவெடுக்கிறது. மிகச் சின்ன டீமோட ஆடினா மற்றப் பக்கம், கீப்பர் கையக் கட்டிக்கொண்டு கோல் கம்பத்தில சாஞ்சு நிப்பாள், ஆனா பத்துப் பேரும் பின்னுக்குப் போய் அடைச்சு நிக்கிற டீம எப்பிடி உடைக்கிறது எண்ட ஒரு கேள்விக்கு மட்டும் நல்ல பாடம். அதால கேள்விய முதல்ல எழுதிப்போட்டு அதுக்குப் பிறகு எதிரணி தேட வேணும், எங்கட பக்கம் பெரும்பாலும் மறுபக்கமாத்தான் நடக்குது, யார் வாறன் எண்டு சொல்றாங்களோ அவங்களோட.

பெரிய டீம்கள் இத எப்பிடிச் செய்யுது எண்டதுக்கு 2023 ஏப்ரல் நல்ல உதாரணம். இங்கிலாந்து கோச் சரினா விக்மனுக்குக் கீழ 30 மெட்ச் தோக்காம வந்துகொண்டிருந்தது, உலகக் கோப்பைக்கு மூண்டு மாசம் இருக்கேக்க அவுஸ்திரேலியாவோட ஃப்ரெண்ட்லி ஆடி 2-0 எண்டு தோத்தது. அதே வருஷம் ஓகஸ்ட்ல சிட்னியில அரையிறுதி, அதே அவுஸ்திரேலியா, இங்கிலாந்து 3-1. அந்தத் தோல்வியால தான் இந்த வெற்றி வந்தது எண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன், ஆனா தங்களுக்குச் சமமா நிண்டு குத்தக்கூடிய ஒரு டீமத் தேடிப் போனாங்க எண்டது முக்கியம். அமெரிக்கா 2016ல ஷீபிலீவ்ஸ் கப்பத் தொடங்கி இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி மூண்டையும் வீட்டுக்கே கூப்பிட்டதும் இந்த யோசனை தான்.

எங்களுக்குப் பக்கத்தில இருக்கிற பாடம் பங்களாதேஷ். அதச் சொல்ல முதல் ஈலோவின்ட ஒரு குறையச் சொல்ல வேணும். ஒருத்தரிட்ட எடுத்து மற்றவருக்குக் குடுக்கிறது தான் இந்தக் கணக்கு, புதுசா பொயின்ட் அச்சடிக்கிறதில்ல. அப்ப தெற்காசிய டீம்கள் எல்லாம் தங்களுக்குள்ளயே ஆடிக்கொண்டிருந்தா பொயின்ட் அந்தக் கிணத்துக்குள்ளயே சுத்தும், எல்லாரும் சேர்ந்து நல்லா வந்தாலும் நம்பர் அதக் காட்டாது, யாராவது ஒருத்தர் வெளிய போய் ஆடிட்டு வந்தாத்தான் கிணத்துத் தண்ணி ஏறும். தெற்காசிய நாடுகளுக்கான சாஃப் பெண்கள் கிண்ணம் 2010ல இருந்து நடக்குது, 2012ல கொழும்புலயும் நடந்தது, முதல் அஞ்சு தரமும் இந்தியா, பிறகு 2022லயும் 2024லயும் காட்மண்டு ஃபைனல்ல நேபாளத்த வெண்டு பங்களாதேஷ். ரெண்டு தரம் சாம்பியன், எண்டாலும் அது கிணத்துக்குள்ள தான்.

2026 ஆசியக் கோப்பைக்கு 2025ல நடந்த தகுதிச் சுற்றுக்கு முதல் அவங்க ஜோர்தானுக்குப் போனாங்க. ரேங்கிங்கில தங்களவிட நல்லா மேல இருந்த இந்தோனேசியாவோட 0-0, ஜோர்தானோட அவங்கட மண்ணிலயே 2-2. ஒரு விமான டிக்கெட், ரெண்டு எதிரணி, ரெண்டும் தெற்காசியாவுக்கு வெளிய, ரெண்டும் எட்டினாப் பிடிக்கக்கூடிய உயரம். ஒரு மாசத்தில மியன்மார் போய் பஹ்ரைன 7-0, அவங்கட சொந்த மண்ணில மியன்மார 2-1, துர்க்மெனிஸ்தான 7-0 எண்டு அடிச்சு முதல் தரமா ஆசியக் கோப்பைக்குப் போய்ச் சேர்ந்தாங்க. அடுத்த ரேங்கிங்கில 24 இடம் ஏறி 104. அதே தகுதிச் சுற்றில நாங்க உஸ்பெகிஸ்தான், நேபாளம், லாவோஸோட ஒரே குழுவில, குழுவுக்கு ஒரு டீம் தான் மேல போகும், போனது நாங்க இல்ல.

எங்களுக்கு ஏன் ஜோர்தான் மாதிரி ஒண்டு கிடைக்குதில்ல எண்டா, காசு எண்டு உடனே சொல்லுவாங்க, காசும் தான். ஆனா கணக்கிலயே ஒரு தடை இருக்கு. உங்களுக்குப் பிரயோசனமான டீமுக்கு நீங்களும் பிரயோசனமா இருக்க வேணும். எங்களவிட 600 கூடின டீம் எங்கள 2-0 எண்டு வெண்டா அவங்களுக்கு 92 தான் கிடைக்கும், எதிர்பார்ப்பு 97, அவங்கட பொயின்ட் இறங்கும், படிக்கிறதுக்கும் ஒண்டும் இல்ல, பிறகு ஏன் வாறாங்க. 150, 200 வித்தியாசத்தில தான் ரெண்டு பக்கமும் ஓம் எண்டு சொல்லும், அவங்களுக்கு நாங்க அடைச்சு நிக்கிற டீம், எங்களுக்கு அவங்க அடுத்த படி. அதிலயும் நாட்டு டீம்கள் ஆட எண்டு ஃபிஃபா ஒதுக்கி விடுற ஜன்னல் நாட்களுக்குள்ள பொருந்த வேணும், ஒரு ஜன்னல்ல வழக்கமா ரெண்டு மெட்ச் தான். நாங்க 2023 ஜனவரியில இருந்து ஓகஸ்ட் வரைக்கும் ஃபிஃபா தடையில கிடந்து அந்த ஜன்னல்கள முழுசா விட்டதயும் மறந்துடக் கூடாது.

மூண்டு நாலு டீம் ஒரு இடத்தில கூடுறது தான் இதுக்கு மலிவான வழி. 2024 மார்ச்சில ஃபிஃபா சீரிஸ் எண்டு ஆம்பிளைகளுக்கு இதே கொழும்புல நடந்தது, பூட்டான், பப்புவா நியூ கினி, மத்திய ஆபிரிக்கக் குடியரசு எல்லாம் வந்து ரேஸ் கோர்ஸ்ல ஆடினாங்க, மூண்டு கிணத்துத் தண்ணி ஒண்டாக் கலந்த மாதிரி. அத எங்கட பெண்களுக்கும் செய்யலாம் எண்டு தான் எனக்குப் படுது, கிரவுண்ட் இருக்கு, ஹோட்டல் இருக்கு, கட்டுநாயக்காவுக்கு எல்லா இடத்தில இருந்தும் பிளேன் வருது.

அதுவும் கிடைக்காத நேரத்தில பொடியன்களோட ஆடலாம். சிரிக்காதீங்க. அமெரிக்கப் பெண்கள் டீம் 2017ல எஃப்சி டல்லாஸ் கிளப்பின்ட பதினஞ்சு வயசுக்குக் கீழ்ப்பட்ட பொடியன்களோட ஆடி 5-2 எண்டு தோத்தது, அவுஸ்திரேலியா 2016ல நியூகாசில் ஜெட்ஸ் கிளப் பொடியன்களிட்ட ஏழு வாங்கினது. ஊர் முழுக்கச் சிரிச்சது, ஆனா அது ரேங்கிங்கில சேராது, டிக்கெட் செலவில்ல, வேகம் கூடின ஆக்களோட ஆடினா பந்து கையில வச்சிருக்கக் கிடைக்கிற நேரம் குறையும், அந்தக் குறைஞ்ச நேரத்துக்குள்ள முடிவெடுக்கிறதப் பழகத்தான் போறது. நாலு நாள் கழிச்சு திரும்பவும் ஆடலாம், ரெண்டு பேர மாத்தி, வேற கேள்வியோட. அமெரிக்கா ரெண்டு வருஷத்தில உலகக் கோப்பையத் தூக்கினது.

மருமகளின்ட கோச்சும் போன சனிக்கிழமை பதினாலு வயசுக்குக் கீழ்ப்பட்ட பொடியன் டீம் ஒண்டோட மெட்ச் போட்டிருக்கிறார். பின்னேரம் ஃபோன் எடுத்து அவளிட்டக் கேட்டன், 3-1 எண்டு தோல்வி. பந்து எத்தின தரம் வந்தது எண்டு கேட்டன்.

"எண்ணிக்கொண்டு நிக்க நேரம் இருக்கேல்ல மாமா" எண்டாள்.