"சும்மா வீட்டில்தான் இருக்கிறாள்"

திருகோணமலை நகரில் வேலை இல்லாதவர்கள் என் மேசையைத் தேடி வருகிறார்கள். வெருகல் பக்கத்துக் கிராமங்களில் அவர்களை நான் தேடிப்போக வேண்டும். தொழில் வழிகாட்டும் பணியில் இரண்டு இடங்களையும் பார்த்துவிட்டேன்.

சென்ற பெரும்போக அறுவடையின்போது ஈச்சிலம்பற்றில் நடமாடும் சேவை நடந்தது. உயர்தரச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு ஒரு தங்கச்சி வந்திருந்தாள். "கடந்த நான்கு கிழமைக்குள் வேலை தேடினீர்களா?" என்று கேட்டேன். "சும்மா வீட்டில்தான் இருக்கிறாள், மிஸ்" என்று தகப்பன் முந்திக்கொண்டு சொன்னார்.

அரச கணக்கெடுப்புக்கு வருபவரிடமும் இதையே சொன்னால், அந்த ஒரு பதிலால் அவள் கணக்கிலிருந்தே விழுந்துவிடுகிறாள். வேலை செய்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்ததுதான் தொழிற்படை. அதைக் கணக்கிடும் தொழிற்படை மதிப்பீட்டில், வேலை இல்லாமல் இருந்தால் மட்டும் போதாது; நான்கு கிழமைக்குள் தேடியும் இருந்தால்தான் 'வேலையற்றவர்'. தேடாதவர் தொழிற்படைக்கே வெளியே. இலங்கைப் பெண்களில் தொழிற்படைக்குள் இருப்பவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

அவளுடைய அண்ணனின் கதை வேறு. முன்பு அறுவடை என்றால் நாட்கணக்கில் கூலி கிடைத்தது. இப்போது இயந்திரம் வயலில் இறங்கினால் சில மணித்தியாலங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அந்தக் கிழமை அவன் மூட்டை ஏற்றியது அரை நாள். ஆனால் கிழமையில் ஒரு மணித்தியாலம் உழைத்தாலே மதிப்பீட்டில் அவன் 'தொழில் செய்பவன்'. 2023இல் நாட்டின் வேலையின்மை வீதம் 4.7 சதவீதம். இந்த அண்ணனும் தங்கையும் அதில் இல்லை.

நகரத்து வேலையின்மை கண்ணுக்குத் தெரியும். அரச நியமனத்துக்குக் காத்திருக்கும் பட்டதாரிகள், மனுவோடு வரிசையில் நிற்பார்கள். நிலாவெளி, உப்புவெளி சுற்றுலா விடுதிகளில் வேலை இருந்தாலும் அது சித்திரை கழிந்து புரட்டாதி வரைக்கும்தான். இரவு வேலை முடிந்து திரும்ப பஸ் இல்லாதபோது, பிள்ளையை அனுப்ப மறுக்கும் பெற்றோரை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

பெற்றோரிடம் நான் கேட்பது ஒன்றே. கணக்கெடுக்க வருபவரிடம் மகளையே பேச விடுங்கள். பிரதேச செயலகத்தில் வேலைக்குப் பெயர் பதிவதும் வேலை தேடுவதுதான். எத்தனை மணித்தியாலம் உழைத்தீர்கள், இன்னும் உழைக்க விருப்பமா என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பயிற்சி நிலையம் எங்கே, பஸ் எந்த நேரம் என்பதெல்லாம் இந்தப் பதில்களை வைத்துத்தான் கேட்டுப்பெற முடியும். அன்று நான் படிவத்தைத் தகப்பனிடமிருந்து வாங்கி அவள் கையில் கொடுத்தேன். விருப்பமான தொழில் என்ற இடத்தில் 'கணக்கு எழுதுதல்' என்று அவளே எழுதினாள்.