ஐந்து நொடி தூரத்தில் ஒரு வண்டி

"ரெண்டு பக்கமும் பார்த்துட்டுத்தான் ரோட்டைக் கடக்கணும்." பிள்ளையைத் தனியாகப் பள்ளிக்கு அனுப்பும் வீடுகளில் தினமும் காதில் விழும் பேச்சு இது. பெரும்பாலான பிள்ளைகள் சொன்னபடி செய்யவும் செய்கிறார்கள். நின்று, வலது பக்கம் பார்த்து, இடது பக்கம் பார்த்து, மறுபடியும் வலது பக்கம் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறார்கள். அதற்குப் பிறகும் ஒரு விபத்து நடந்தால், "பார்க்காமல் ஓடிவிட்டான்" என்று பேச்சை முடித்துவிடுகிறோம். அவன் பார்த்திருக்கக் கூடும். வண்டி கண்ணில் பட்டிருக்கவும் கூடும். அது எவ்வளவு வேகமாக வருகிறது என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருக்காது. அதற்குக் காரணம் கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. கண்ணும் மூளையும் வேலை செய்யும் விதமே அப்படி.

நேரான சாலையில் பேருந்துக்காகக் காத்திருந்தவர்களுக்கு இது புரியும். தொலைவில் ஒரு புள்ளி தெரியும். வருகிறதா, நிற்கிறதா என்றே சொல்ல முடியாது. வெகுநேரம் அப்படியே இருந்துவிட்டு, சட்டென்று பெரிதாகி, முன்னால் வந்து நின்றுவிடும். ஓட்டுநர் கடைசியில் வேகத்தைக் கூட்டவில்லை. நம்மை நோக்கி நேராக வரும் பொருள் பக்கவாட்டில் நகர்வதில்லை. அதனால் அதன் வேகத்தை அறியக் கண்ணுக்கு இருக்கும் முக்கியத் தடயம், விழித்திரையில் விழும் அதன் பிம்பம் விரிவதுதான். தூரம் பாதியாகும்போது பிம்பம் இரண்டு மடங்காகிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 200 மீட்டரிலிருந்து 100 மீட்டருக்கு வர ஏழு நொடி ஆகும். பிம்பம் ஒருமுறை இரட்டிப்பாக அந்த ஏழு நொடியும் வேண்டும். 100-லிருந்து 50 மீட்டருக்கு மூன்றரை நொடி. 50-லிருந்து 25-க்கு இரண்டு நொடிகூட இல்லை. அதற்கடுத்த இரட்டிப்பு ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். விரிவு கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படும் நேரத்தில் வண்டி கிட்டத்தட்ட வந்துவிட்டிருக்கும்.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. இதை முதன்முதலில் படித்தபோது நம்பாமல், காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு கார்கள் வருகின்றன. இரண்டும் நம்மை வந்தடைய ஐந்து நொடி இருக்கிறது. சிறுபிள்ளை ஒரு சாதாரண இருவழிச் சாலையை நடந்து கடக்கவும் ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகும். ஒரு கார் மணிக்கு 25 கிலோமீட்டரில் வருகிறது. அப்படியானால் அது இப்போது 35 மீட்டர் தொலைவில் இருக்கிறது. இன்னொன்று 50 கிலோமீட்டரில் வருகிறது. அது இருப்பது 70 மீட்டரில். எந்தக் காரின் பிம்பம் வேகமாக விரியும்? வேகமான காருடையது என்றுதான் தோன்றும். உண்மையில் அது பாதி வேகத்தில்தான் விரிகிறது. தொலைவு கூடக் கூட, விரியும் வேகம் தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைந்துவிடும். வண்டியின் வேகம் அதை ஈடுகட்டுவதில்லை. ஆக, எந்த வண்டி அதிக ஆபத்தோ அதுதான் அசையாமல் நிற்பதுபோல் தெரிகிறது.

பெரியவர்களின் மூளை இந்த மெல்லிய விரிவையும் பிடித்துவிடும். பிள்ளைகளால் அது முடிகிறதா என்பதை லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரியில் ஜான் வான் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் சோதித்துப் பார்த்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். மணிக்கு 20 மைலுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 32 கிலோமீட்டருக்கு மேல் போகும் வண்டி தங்களை நோக்கி வருகிறது என்பதையே தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் உணராமல் போகக் கூடும் என்பது அந்த முடிவு. வயது ஏற ஏற இந்தத் திறன் வளர்கிறது. ஏழு வயதுப் பிள்ளையை எத்தனை முறை அதட்டினாலும் அது முன்கூட்டி வந்துவிடாது. பால்பல் விழுந்து அடுத்த பல் முளைப்பதுபோல, அதற்கும் அதன் காலம் வேண்டும்.

டூவீலர் விஷயத்தில் இது இன்னும் மோசம். பிம்பத்தின் அகலம் குறைந்தால் விரியும் அளவும் குறையும். காரின் அகலத்தில் பாதிகூட இல்லாத பைக் அதே வேகத்தில் வரும்போது, பிள்ளையின் கண்ணுக்கு அது வருவதாகவே தெரியாமல் போகலாம். நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை டூவீலர்கள். அதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்குகிறது.

சரி, பிள்ளை தவறாகக் கணித்து இறங்கிவிட்டது, ஓட்டுபவர் பார்த்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கண்ணில் பட்டு, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்கை மிதிக்க ஒரு நொடியாவது ஆகும். 30 கிலோமீட்டரில் வரும் கார் அந்த ஒரு நொடியில் 8 மீட்டர் ஓடும். காய்ந்த சாலையில், நல்ல பிரேக்காக இருந்தால், இன்னும் 5 மீட்டரில் நின்றுவிடும். மொத்தம் 13 மீட்டர். 50 கிலோமீட்டரில் வரும் காருக்கு அந்த ஒரு நொடியிலேயே 14 மீட்டர் போய்விடும். முதல் கார் முழுதாக நின்றுவிட்ட இடத்தில், இரண்டாவது கார் இன்னும் பிரேக் பிடிக்கவே தொடங்கியிருக்காது. அங்கே ஒரு பிள்ளை நின்றால், முழு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதும். மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், 30-ஐவிட 50-இல் அது கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

30 என்ற எண் உலகமெங்கும் திரும்பத் திரும்ப வருவது தற்செயலாக நடந்ததல்ல. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம் 1992-லேயே பெரிய சாலைகள் நீங்கலாக ஊர் முழுவதும் 30 கிலோமீட்டர் என்று வரம்பு வைத்தது. 2023 செப்டம்பரில் வேல்ஸ் நாடு குடியிருப்புப் பகுதிச் சாலைகளுக்குப் பொதுவாக 20 மைல் என்று ஆக்கியது. பிள்ளையின் மூளை கையாளக்கூடிய வேகமும், கார் உரிய தூரத்தில் நிற்கக்கூடிய வேகமும் ஏறத்தாழ ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன.

இவ்வளவு ஆபத்து என்றால் வண்டியிலேயே கொண்டுபோய் விட்டுவிடலாமே என்று தோன்றும். அந்த எண்ணம்தான் சிக்கலை வளர்க்கிறது. பள்ளி வாசலில் வண்டிகள் பெருகப் பெருக, நடந்து வரும் மிச்சப் பிள்ளைகளுக்கு ஆபத்து கூடும். அதைப் பார்த்து அவர்களுடைய பெற்றோரும் வண்டியை எடுப்பார்கள். இதற்கிடையில் பிள்ளைகள் இழப்பதும் கொஞ்சமல்ல. 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு கிலோமீட்டர் தூரத்துப் பள்ளிக்குச் சுறுசுறுப்பாக நடந்து போய்த் திரும்பினால் அதில் பாதி வந்துவிடும். கண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். வகுப்பறை வெளிச்சம் சில நூறு லக்ஸ். வெயில் காயும் வெளியில் பத்தாயிரங்களைத் தாண்டும். அந்த வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரந்து, கிட்டப்பார்வைக்குக் காரணமான, கண்விழி அளவுக்கு மீறி நீள்வதைத் தடுக்கிறது என்று கருதப்படுகிறது. சீனாவின் குவாங்சோவில் சில பள்ளிகள் தினமும் 40 நிமிடம் கூடுதலாகப் பிள்ளைகளை வெளியே இருக்க வைத்தன. மூன்று ஆண்டுகளில் அங்கே 30 சதவீதப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்தது. மற்றப் பள்ளிகளில் 39 சதவீதத்துக்கும் மேல்.

நெதர்லாந்துப் பிள்ளைகள் கூட்டம்கூட்டமாகச் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த நாடு எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1971-இல் அங்கே சாலை விபத்துகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் பிள்ளைகள். பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். "பிள்ளைக் கொலையை நிறுத்து" என்பதே அந்த இயக்கத்தின் பெயர். பிள்ளைகளை இன்னும் கவனமாக இருக்கச் சொல்லுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை, சாலையை மாற்றச் சொன்னார்கள். டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரமும் 1970-களின் இறுதியில் இதே வழியில் போனது. எந்த இடத்தில் பயமாக இருக்கிறது என்று பள்ளிப் பிள்ளைகளிடமே கேட்டு, அந்த இடங்களில் சாலையைக் குறுக்கினார்கள், நடுவில் நின்று கடக்கத் திட்டு அமைத்தார்கள், தனிப் பாதை போட்டார்கள். சாலை குறுகினால் ஓட்டுபவரின் கால் தானாகவே தளரும். நடுவில் ஒரு திட்டு இருந்தால் பிள்ளை ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் கணித்தால் போதும்.

தமிழ்நாட்டில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 11-ஆம் வகுப்பு படிப்பவர்களுக்கு இலவசச் சைக்கிள் கிடைக்கிறது. அருமையான திட்டம். அந்தச் சைக்கிள் ஓடும் சாலையையும் பள்ளியின் ஒரு பகுதியாக நினைத்து அமைக்க வேண்டும் என்பது என் ஆசை.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. சிறு பிள்ளைகளிடம் வேகத்தைக் கணிக்கும் பொறுப்பைக் கொடுக்காதீர்கள்; கடக்கும் இடத்தைக் கற்றுக்கொடுங்கள். வேகத்தடை அருகே, நின்றிருக்கும் வண்டிகளுக்கு இடையில் அல்லாமல், இருபுறமும் நன்றாகத் தெரியும் இடம். தெருப்பிள்ளைகளைச் சேர்த்து, ஒரு பெரியவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் நடக்க, ஒரே குழுவாக அனுப்பலாம். இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் 1998-இல் தொடங்கிய 'நடைப் பேருந்து' இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளையோடு சாலையோரம், பாதுகாப்பான தூரத்தில் நின்று பாருங்கள். கடக்க வேண்டாம். தொலைவில் வரும் ஒரு வண்டியைக் காட்டி, "நம்மகிட்ட வர எத்தனை எண்ணணும்?" என்று கேளுங்கள். பிள்ளை ஒரு எண் சொல்லட்டும். அப்புறம் இருவரும் சேர்ந்து எண்ணுங்கள். முதலில் பேருந்து, பிறகு கார், கடைசியில் பைக். பிள்ளை சொன்ன எண்ணுக்கும் வண்டி வந்து சேர்ந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டே வாருங்கள். நீங்களும் மனதுக்குள் ஒரு எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.