பாதியில் நின்றுபோன விண்டோஸ் மேம்பாடு

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் சுடுநீர்க் கருவியிலிருந்து 30 மில்லியாம்பியர் மின்சாரம் கசிந்தாலே போதும், கசிவுத் துண்டிப்பான் விழுந்து வீடே இருண்டுவிடும். அந்நேரம் மேசைக் கணினியில் விண்டோஸ் 11 ஏறிக்கொண்டிருந்தால்? உடனே வட்டை அழித்துப் புதிதாக நிறுவ வேண்டாம். பெரும்பாலும் பழைய விண்டோஸ் அதே வட்டில்தான் இருக்கிறது.

முதற்கட்டத்தில், பழைய விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய கோப்புகள் மறைவான ஃபோல்டர் ஒன்றில் சேர்கின்றன. இங்கே மின்சாரம் போனால் பாதகமில்லை, மறுபடி தொடங்கலாம். கணினி அணைந்து எழுந்த பிறகுதான் ஆபத்து. சேஃப் ஓஎஸ் என்னும் சிறிய இயங்குதளம் பழையதை 'விண்டோஸ்.ஓல்ட்' ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் புதியதை விரிக்கிறது. வன்பொருளை இயக்கும் டிரைவர்கள் அதற்கடுத்த தொடக்கத்தில் சேரும். இடையில் தடைப்பட்டால் 'நிறுவி' எனப்படும் நிறுவல் நிரல் பழையதைத் தானே திருப்பிவைக்க முயலும். எவ்வளவு நேரமானாலும் அப்போது மின்சாரத்தை அணைக்காதீர்கள். இரண்டு விண்டோஸும் அரைகுறையாவது பெரும்பாலும் அங்கேதான்.

திரையே எழவில்லையா? பவர் பொத்தானை 10 விநாடி அழுத்தி அணையுங்கள். தொடக்கம் இருமுறை தோற்றால் அடுத்த முறை மீட்புத் திரை வரும். வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் வசதி இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். பலருக்கு அது மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கும், கைபேசியில் பார்த்துக்கொள்ளலாம்.

பழுதுபார்க்கும் முன் கோப்புகளைக் காப்பாற்றுங்கள். மீட்புத் திரையிலுள்ள கமாண்ட் பிராம்ப்ட் என்னும் கட்டளைச் சாளரத்தில் 'நோட்பேட்' என்று ஆங்கிலத்தில் தட்டி, ஃபைல், ஓப்பன் போய், 'ஆல் ஃபைல்ஸ்' தேர்ந்தெடுத்தால் வட்டிலுள்ளதெல்லாம் தெரியும். ஃபோல்டர்களை அங்கிருந்தே யூஎஸ்பிக்கு நகலெடுக்கலாம். மீட்புத் திரையில் சி டிரைவ் சில நேரம் டி என்று காட்டும், பதற வேண்டாம்.

அடுத்து, அதே மீட்புத் திரையில் ஸ்டார்ட்அப் ரிப்பேர். பலிக்காவிட்டால் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' பகுதியில் ஃபீச்சர் அப்டேட்டை, அதாவது இந்த மேம்பாட்டை, நீக்கிப் பாருங்கள்.

அதுவும் தோற்றால், வேறு கணினியில் குறைந்தது 8 ஜிபி யூஎஸ்பியில் நிறுவல் வட்டு தயாரியுங்கள். பலர் தடுமாறும் இடம் இது: யூஎஸ்பியிலிருந்து கணினியைத் தொடங்கினால், கோப்புகளையும் செயலிகளையும் அப்படியே வைத்துக்கொண்டு மேம்படுத்த முடியாது. அந்த வசதி ஓடும் விண்டோஸுக்குள்ளிருந்து நிறுவியைத் திறந்தால் மட்டுமே உண்டு. ஆகவே 'கஸ்டம்' தேர்ந்தெடுத்து, விண்டோஸ் இருக்கும் வட்டுப் பகுதியை (பார்ட்டிஷன்) ஃபார்மட் செய்யாமல், அதாவது அழிக்காமல், நிறுவுங்கள். செயலிகள் போய்விடும், ஆவணங்கள் விண்டோஸ்.ஓல்ட்டுக்குள் 'யூசர்ஸ்' ஃபோல்டரில் கிடைக்கும். சில நாள்களில் விண்டோஸ் அதைத் தானே நீக்கிவிடும், அன்றே நகலெடுத்துவிடுங்கள்.