பேக் போட்டுட்டேன் சார்னு மட்டும் சொல்லாதீங்க

இந்த மாசமும் ஒண்ணு வந்துடுச்சு. சென்சார் டேட்டாவைச் சேர்க்கற கேட்வே பெட்டி எழுதுற ஃபைலை லினக்ஸ்ல படிச்சா பக்கா, விண்டோஸ்ல படிச்சா டெம்பரேச்சர் இருக்க வேண்டிய இடத்துல குப்பை நம்பர். நெட்வொர்க் மேல சந்தேகப்பட்டு ஸ்விட்சையே மாத்திப் பாத்திருக்காங்க! சி கோடைத் திறந்தா முதல் ஸ்க்ரீன்லயே தெரியுது, ஸ்ட்ரக்டை (பல ஃபீல்டுகளை ஒண்ணா கட்டி வைக்கற டைப்) அப்படியே fwrite பண்ணி ஃபைல்ல எழுதறாங்க, உள்ள ஒரு லாங் (long, முழு எண் டைப்). கேட்டா, "பிராக்மா பேக் 1 போட்டுட்டேனே சார்"ங்கறார் தம்பி. ஸ்ட்ரக்டை நெருக்கி அடுக்கச் சொல்லி கம்பைலருக்குக் கொடுக்கற #pragma pack(1) கட்டளையைச் சொல்றார்.

பேக் செய்யற வேலை ஒண்ணே ஒண்ணுதாங்க, ஃபீல்டுகளுக்கு நடுவுல கம்பைலர் விடுற இடைவெளியை (பேடிங்) எடுக்கும், அவ்ளோதான். 32 பிட் லினக்ஸ்ல ஜிசிசி கம்பைலர்ல ஒரு இன்ட், ஒரு டபுள் சேர்ந்தா 12 பைட், அதே ஸ்ட்ரக்ட் விண்டோஸ்ல 16, இந்த மாதிரி வித்தியாசத்துக்கு அது உதவும், மறுக்கல. ஆனா பெட்டிக்குள்ள நெருக்கி அடுக்கினா சட்டையோட சைஸ் மாறிடுமா? லாங் 64 பிட் லினக்ஸ்ல 8 பைட், விண்டோஸ்ல 64 பிட்டா இருந்தாலும் 4 தான், பேக் போட்டாலும் 4 தான். எழுத்துக்கான wchar_t டைப் லினக்ஸ்ல 4, விண்டோஸ்ல 2. பிட்ஃபீல்டை (பிட் கணக்குல அளவு சொல்ற ஃபீல்டு) எந்தப் பக்கத்துல இருந்து அடுக்கறதுங்கறதை சி ஸ்டாண்டர்டே கம்பைலர் இஷ்டத்துக்கு விட்டிருக்கு, ஒரு நம்பரோட பைட்டுகள் எந்த வரிசைல இருக்குங்கற பைட் ஆர்டர் பக்கமும் பேக் எட்டிப் பாக்காது.

இதுல உபத்திரவம் வேற. பேக் பண்ண ஸ்ட்ரக்டுக்குள்ள இருக்கற இன்ட்டோட அட்ரஸை ஒரு பாயின்டர்ல வாங்கி கார்டெக்ஸ் எம்0-ங்கற சின்ன ப்ராசசர்ல படிச்சுப் பாருங்க, அட்ரஸ் அலைன் ஆகலேன்னா (4-ஆல வகுபடலேன்னா) நேரா ஹார்ட்ஃபால்ட், ப்ரோக்ராம் அங்கேயே நின்னுடும். உங்க லேப்டாப்ல அதே கோடு சத்தமில்லாம ஓடும், அதான் டெஸ்டிங்ல சிக்கறதில்ல.

வெளிய போற டேட்டாவுல லாங், enum, பிட்ஃபீல்டு எதுவும் வேணாம், stdint.h ஹெட்டர்ல இருக்கற 32 பிட், 64 பிட் டைப்பா எழுதுங்க, பெருசை முன்னாடி வைங்க, பேடிங் வர்ற இடத்துல நீங்களே ஒரு ரிசர்வ்டு ஃபீல்டு போட்டு ஜீரோ பண்ணிடுங்க. ஸ்ட்ரக்டோட மொத்த அளவைச் சொல்ற sizeof, ஃபீல்டு இருக்கற இடத்தைச் சொல்ற offsetof ரெண்டுக்கும் கம்பைல் ஆகும்போதே சரிபார்க்கற ஸ்டாட்டிக் அசர்ட் வைங்க, சி11-லயே வந்தாச்சு, தப்பா இருந்தா பில்டே ஆகாது. முடிஞ்சா ஸ்ட்ரக்டை அனுப்பறதையே விட்டுட்டு பைட் பைட்டா ஷிஃப்ட் பண்ணி எழுதுங்க, பத்து லைன் கூட வரும், வரட்டுமே.

பேக் போட்டே ஆகணும்னா, pack(push, 1)-னு ஆரம்பிச்சு, ஸ்ட்ரக்ட் முடிஞ்ச கையோட பழையபடி மாத்தற pack(pop)-உம் போடுங்க ப்ளீஸ், இல்லேன்னா அடுத்து இன்க்ளூட் ஆகற ஹெட்டர்ல இருக்கற ஸ்ட்ரக்டெல்லாம் சேர்ந்து நெருங்கிடும், அந்தத் தப்பைத் தேட என்னைக் கூப்பிடாதீங்க.